தம்பி திருமணத்தில் பட்டுச்சேலை: சக்கர நாற்காலியிலிருந்து ஒரு வாசகியின் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் முப்பது வயதைக் கடந்த வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த சாலை விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு, மருத்துவர்கள் டி10 என்று குறிப்பிடும் இடத்தில், சேதமடைந்தது. தொப்புளுக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இல்லை. கையால் உருட்டும் சக்கர நாற்காலியில் தனியாகவே வேலைக்குப் போய்வருகிறார். இன்னும் நான்கு மாதங்களில் தம்பிக்குத் திருமணம். அம்மாவின் அரக்குநிறக் காஞ்சிபுரப் பட்டை அன்று உடுத்த வேண்டும் என்பதும், மணமகனின் அக்கா என்ற முறையில் தாலியின் மூன்றாம் முடிச்சைத் தன் கையால் போட வேண்டும் என்பதும் அவருடைய ஆசை. அம்மாவோ, “சல்வார் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திரு, முடிச்சைச் சித்தப்பா மகள் போடட்டும்” என்கிறார். மணமேடைக்கு மூன்று படிகள். மண்டபத்தைப் பதிவு செய்திருப்பவர்கள் பெண்வீட்டார்.

இதற்கிடையே ரவிக்கைத் துணியும் தனக்கொரு சேலையும் வாங்கச் சிராங்கூன் சாலைக்குப் போயிருக்கிறார். கடைக்கு இரண்டு படிகள். விற்பனையாளர் சேலைகளைக் கடைமுகப்பில் இருக்கும் ஐந்தடி நடைபாதைக்கே எடுத்துவந்து விரித்துக் காட்டியிருக்கிறார், ஆனால், “அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?” என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். வாசகி ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டார். அந்தக் கடைமீது வழக்குப் போடலாமா, சக்கர நாற்காலியில் பட்டுச்சேலை சாத்தியமா, அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் செயல்வழிச் சிகிச்சையாளர். மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பார்கள். உடை உடுத்துவது எங்கள் துறையின் அன்றாட வேலை என்பதால், உங்கள் கேள்விகளில் நடுவில் இருப்பதற்குத்தான் என்னால் விரிவாகப் பதில் சொல்ல முடியும். எனினும், நீங்கள் கோபத்தோடு கேட்டிருக்கும் முதல் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக மனமில்லை.

கடைமீது வழக்கு

“புதிதாகச் சட்டம் வந்திருக்கிறதே” என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தைத்தான் நினைத்திருப்பீர்கள். உடற்குறையை அது, பாகுபாடு காட்டக் கூடாத பாதுகாக்கப்பட்ட தன்மைகளில் ஒன்றாகச் சேர்த்திருப்பது உண்மை. ஆனால் அது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான சட்டம். வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு, பணிநீக்கம் போன்றவற்றைப் பற்றியது; கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே அது வராது. உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டுச் சாசனத்தைச் சிங்கப்பூர் 2013ல் ஏற்று உறுதிசெய்தது. என்றாலும், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருப்பதுபோல ஒரு வாடிக்கையாளர் கடையை நேரே நீதிமன்றத்துக்கு இழுக்க வழிசெய்யும் பொதுவான சட்டம் இங்கே இல்லை. நான் வழக்கறிஞர் அல்லள். ஆகவே வேலையிடத்தில் பிரச்சினை என்றால் கட்டாயம் சட்ட ஆலோசனை பெறுங்கள். இந்தக் கடை விவகாரத்தில் அதற்காகப் பணம் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தடையற்ற கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு இங்கே 1990ல் நடப்புக்கு வந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. புதிதாகக் கட்டப்படுபவற்றுக்கும் பெரிய அளவில் மாற்றியமைக்கப்படுபவற்றுக்கும்தான் அதன் பிடி இறுக்கம். சிராங்கூன் சாலை ஓடும் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளோ 1989ல் மரபுடைமைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டவை. முகப்பில் கைவைக்க நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதைவிடக் கடினமானது கணக்கு. சாய்தளத்துக்கு விதித்தொகுப்பு கேட்பது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு. நீங்கள் சொல்லும் இரண்டு படிகளும் சேர்ந்து 30 சென்டிமீட்டர் உயரம் என்றால், நீங்கள் பிறர் உதவியின்றி ஏறக்கூடிய சாய்தளத்துக்கு 3.6 மீட்டர் நீளம் வேண்டும். ஐந்தடி நடைபாதையின் அகலமே சுமார் ஒன்றரை மீட்டர்தான். கடைக்காரர் மனம்வைத்தாலும் அந்த வாசலில் அது அடங்காது. குட்டைப் பலகை ஒன்றைச் செங்குத்தாகச் சாய்த்துப் பின்னாலிருந்து தள்ளுவார்கள். நாற்காலி பின்பக்கமாகக் கவிழும் ஆபத்து அதில்தான் அதிகம், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்களைப் புண்படுத்தியது படி அல்ல, உங்கள் விருப்பத்தை வேறொருவரிடம் கேட்டதுதான் என்று கடிதத்தைப் படிக்கையில் தோன்றியது. அதைத் திருத்துவதற்கு ஆணையமும் தேவையில்லை, சிமெண்டும் தேவையில்லை. அடுத்த முறை கடைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசுங்கள். வாங்கப்போவது நீங்கள் என்பதையும் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். போனதும், “அம்மாவுக்கும் சேர்த்து நான்தான் தேர்வு செய்யப்போகிறேன்” என்று முதல் வாக்கியத்தை நீங்கள் பேசுங்கள். அதற்குப் பிறகும் அம்மாவைப் பார்த்தே பேசும் விற்பனையாளரிடம் பட்டு வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

வேறு வழியும் இருக்கிறது. அதே வட்டாரத்தில் இருக்கும் தேக்கா நிலையத்தின் மேல்தளம் முழுக்கத் துணிக்கடைகளும் தையற்கடைகளும். மின்தூக்கியில் ஏறினால் படிகளே குறுக்கிடாது. சில வரிசைகள் நெருக்கமானவை. அதனால் வாரநாளில், மதிய வேளைக்கு முன் போவது நல்லது. ஈசூனிலிருந்து ரயிலில் வந்து நியூட்டனில் டவுன்டவுன் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. பேருந்து வேண்டுமானாலும் தயங்க வேண்டாம். 2020 டிசம்பர் முதல் நம் பொதுப் பேருந்துகள் அனைத்தும் சக்கர நாற்காலியை ஏற்றக்கூடியவை, ஓட்டுநரே இறங்கிவந்து சாய்பலகையை விரிப்பார்.

சேலையை உட்கார்ந்த உடம்புக்கு அளப்போம்

“சக்கர நாற்காலியில் சேலை கட்ட முடியாது, தைத்த சேலை ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது” என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே முழுச் சரியல்ல. கடைகளில் தொங்கும் தைத்த சேலையும் நிற்கும் உடம்பை மனத்தில் வைத்துத் தைக்கப்பட்டதுதான். உட்கார்ந்ததும் முன்பக்கம் அடிவயிற்றில் துணி குமியும், பின்பக்கம் இடுப்பைவிட்டு இறங்கும், தொடைக்கடியில் மடிப்புகள் மாட்டிக்கொள்ளும். தையற்காரரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் செய்தி, எல்லா அளவையும் நாற்காலியில் இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்பது.

அம்மாவின் பட்டை வெட்டவே வேண்டாம். உங்களுக்கு வேண்டியது சேலையின் முன்தோற்றம் மட்டுமே. முதுகுக்குப் பின்னாலும் தொடைக்கு அடியிலும் போகும் துணியை எவரும் பார்ப்பதில்லை, அது உங்களுக்குக் கெடுதலும்கூட. ஆகவே நான் பரிந்துரைப்பது இது. நான்கு விரல் அகலத்தில் மெத்தென்ற துணிப்பட்டை ஒன்றைத் தைத்து, பக்கவாட்டில் வெல்குரோவால் மூடுமாறு அமையுங்கள். சேலையின் உள்முனையை இடது இடுப்பின் முன்புறத்தில் அந்தப் பட்டையோடு சேர்த்து, கொசுவத்தை வழக்கத்தைவிட அகலமான மடிப்புகளாக மடிமேல் படியவைத்து, வலது இடுப்புவரை கொண்டுவாருங்கள். மிச்சம் அங்கிருந்து மார்புக்குக் குறுக்காக இடது தோளுக்குப் போகட்டும். பின்பக்கம் ஒரு சுற்றுக்கூடக் கிடையாது. பட்டையில் போடுவதெல்லாம் ஓட்டுத்தையல்தான். திருமணம் முடிந்ததும் நூலை உருவிவிட்டால் அம்மாவின் சேலை முழுசாக அவரிடம் திரும்பிவிடும். இதை அவரிடம் முதலில் சொல்லுங்கள், பாதி எதிர்ப்பு அடங்கும் என்று நினைக்கிறேன்.

அடியில் நாடா வைத்த பாவாடை வேண்டாம். நாடாவின் முடிச்சு இடுப்பில் அழுத்துவது உங்களுக்குத் தெரியாது. சேலையின் நிறத்திலேயே இழுபடும் பருத்தியில், தடித்த தையல்கள் இல்லாத, இடுப்பின் பின்பக்கம் சற்று உயர்ந்தும் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் வெட்டிய பாவாடை போதும். பட்டு இருக்கைமேல் வழுக்கும், பருத்தி வழுக்காது. நாற்காலியில் முன்னோக்கிச் சரியாமல் இருக்க அதுவும் உதவும். கழிவறைக்குப் போகும்போது வெல்குரோவைப் பிரித்து முன்மடிப்பை அப்படியே தூக்கிவிடலாம். கட்டியதைக் கலைக்க வேண்டியதில்லை. சிறுநீர் வடிகுழாய் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வசதி எவ்வளவு பெரியது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முந்தானை சக்கரத்துக்குள் போனால் நாற்காலி சட்டென்று நின்றுவிடும், தோளும் இழுபடும். எனவே அதை மடித்து, தோளில் குத்தி, நாற்காலியின் முதுகுச்சாய்வு உயரத்தோடு நிறுத்திவிடுங்கள். அல்லது வடநாட்டுப் பாணியில் வலது தோளின் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து மடியில் விழவிடுங்கள். இரண்டாவது முறையில் சரிகை முழுவதும் எல்லோர் கண்ணிலும் படும், எனக்கு அதுதான் பிடிக்கும். சக்கரக் கம்பிகளை மூடும் வட்டத் தகடுகள் கிடைக்கின்றன. பொருத்திவிட்டால் கவலை குறையும். ஊசிகள் தோளில் மட்டும் இருக்கட்டும். தொப்புளுக்குக் கீழே ஒரு ஊசிகூடக் குத்தக் கூடாது. அது திறந்துகொண்டு சதையில் இறங்கினாலும் உங்களுக்குத் தெரியாது. ஒப்பனைக்கு வரும் பெண்மணியிடம் இதை இரண்டுமுறை சொல்லுங்கள், அவர்கள் பழக்கத்தில் குத்திவிடுவார்கள்.

ரவிக்கை விஷயத்தில் பலரும் கோட்டைவிடுகிறார்கள். சக்கரத்தைத் தள்ள நீங்கள் முன்னால் குனியும்போது ரவிக்கையின் பின்பக்கம் மேலேறும். அங்கே இரண்டு விரல் நீளம் கூட்டச் சொல்லுங்கள். கைக்குழியில் சிறிய சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் தோள் தாராளமாகச் சுழலும். முழங்கைவரை நீளும் கை சக்கரத்தில் உரசி அழுக்காகும். கொக்கிகள் முன்னால் இருக்கட்டும்.

அன்றாட உடைக்கும் கேட்டிருந்தீர்கள். டாமி ஹில்ஃபிகர் 2016ல் குழந்தைகளுக்கும் மறு ஆண்டு பெரியவர்களுக்கும், உடற்குறையுள்ளோர் எளிதில் அணியக்கூடிய ஆடைகளைக் கொண்டுவந்தது. எளிதில் மாட்டிக்கொள்ளக்கூடிய நைக்கியின் ஃபிளைஈஸ் காலணி 2015ல் வந்தது. சிங்கப்பூரிலேயே வெராபிள், வில் அண்ட் வெல் ஆகிய ஆடை நிறுவனங்கள் இதே நோக்கத்தோடு தொடங்கப்பட்டன. ஆனால் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் தையற்கடையில் சில வெள்ளிக்கு ஜீன்ஸின் பின்பைகளையும் உலோகக் குமிழ்களையும் எடுக்கச் சொல்வதே உங்கள் தோலுக்கு உடனடியாகச் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

அழகைவிட முக்கியமான ஒன்று

திருமண நாளில் நான் அஞ்சுவது படிகளுக்கு அல்ல, அலங்கார நாற்காலிக்கு. “படத்துக்கு நன்றாக இருக்கும்” என்று சொல்லி உறவினர்கள் உங்களைத் தூக்கி வெல்வெட் நாற்காலியில் உட்காரவைப்பார்கள். பிறகு சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை எவருக்கும் நினைவு வராது. உங்கள் சக்கர நாற்காலியில் இருக்கும் மெத்தை அழுத்தப்புண் வராமல் காப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதைவிட்டு இறங்காதீர்கள், அதன்மேல் ஜரிகைத் துணியோ தலையணையோ போடவும் விடாதீர்கள். நாற்காலியை அலங்கரிக்க ஆசையென்றால் முதுகுச்சாய்வின் வெளிப்புறத்தில் மல்லிகைச் சரம் கட்டலாம், சக்கரத்துக்கு எட்டாத உயரத்தில். ஒட்டியாணம் வேண்டவே வேண்டாம்.

அரைமணிக்கு ஒருமுறையாவது பக்கவாட்டிலும் முன்னாலும் சாய்ந்து அழுத்தத்தை மாற்ற வேண்டும். சடங்குகளின் நடுவே இது மறந்துபோகும் என்பதால் கைப்பேசியை அதிர்வில் வைத்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்கு மூன்று வாரம் முன்பே முழு உடையையும் அணிந்து இரண்டு மணி நேரம் வீட்டில் இருந்து பாருங்கள். கழற்றியதும் கைக்கண்ணாடி வைத்து இடுப்பு, பிட்டம், தொடையின் பின்புறம், குதிகால் எல்லாம் பார்க்க வேண்டும். எங்காவது நிறம் மாறியிருந்து, அழுத்தம் நீங்கி அரைமணி கழித்தும் மறையாவிட்டால், அந்த இடத்தில் எந்தத் தையல் இருந்தது என்று கண்டுபிடித்து அதை மாற்றுங்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு எளிதாகத் தெரியாது; கருமையோ சூடோ தடிப்போ இருக்கிறதா என்று தொட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: முதுகுத்தண்டுச் சேதம் டி6 என்ற இடத்திலோ (ஏறக்குறைய நெஞ்சின் நடுப்பகுதி) அதற்கு மேலேயோ இருப்பவர்களுக்கு இறுக்கமான உடையே இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். திடீரென்று மண்டையிடி, முகம் சிவத்தல், வியர்வை வந்தால் நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமானவற்றைத் தளர்த்தி, உடனே மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும்.

மேடையும் மூன்றாம் முடிச்சும்

மூன்று படிகள் என்றால் சுமார் 45 சென்டிமீட்டர். முறையான சாய்தளத்துக்கு 5.4 மீட்டர் வேண்டும். பெரிய மண்டபங்களில் பக்கவாட்டில் அந்த இடம் கிடைக்கலாம், அளந்து பாருங்கள். நான்கு சகோதரர்கள் நாற்காலியோடு தூக்கிவிடுவார்கள் என்கிறார் உங்கள் தம்பி. பட்டு வேட்டியும் வியர்த்த கையுமாக அவர்கள் தூக்குவதை நான் விரும்பவில்லை. தூக்கப்படுவது உங்களுக்குச் சம்மதமா என்று அவர் கேட்டாரா என்பதும் கடிதத்தில் இல்லை.

இதைவிட எளிய வழி, மணவறையைத் தரையிலேயே அமைப்பது. அலங்காரக்காரர்களுக்கு இது புதிதல்ல. நடுக்கூடத்தில் தரைமட்ட மணவறை போட்டுச் சுற்றிலும் விருந்தினர் அமரும் திருமணங்கள் இங்கே நடக்கத்தான் செய்கின்றன. நான்கு மாத அவகாசம் இருப்பதால் இப்போது கேட்டால் செலவு அதிகம் மாறாது. கேட்க வேண்டியவர் உங்கள் தம்பி. “சம்பந்தி வீட்டில் போய் எப்படிக் கேட்பது?” என்ற அம்மாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது, மாப்பிள்ளையே மணப்பெண்ணிடம், “அக்கா முடிச்சுப் போட வேண்டும், மேடை வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் பெரியவர்கள் பேச வேண்டிய தேவையே எழாது.

முடிச்சைப் பற்றி: மணமக்கள் மணையில் தரையோடு அமர்ந்தால் மணப்பெண்ணின் கழுத்து உங்கள் கைக்கு மிகத் தாழ்வாக இருக்கும். முதுகில்லாத குட்டை இருக்கையில், நாற்காலி உயரத்துக்குச் சற்றே குறைவாக, அவர்கள் அமர்ந்தால் எட்டும். மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் இடம் விட்டுப் பூத்திரையை அமைக்கச் சொல்லுங்கள். நாற்காலி திரும்ப அவ்வளவு வேண்டும். கால்பலகைகளை ஒதுக்கி, நெருங்கி வந்து, சக்கரங்களைப் பூட்டிக்கொள்ளுங்கள். இரு கையும் முடிச்சில் இருக்கும்போது பிடிமானம் இருக்காது என்பதால், சித்தப்பா மகள் உங்கள் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொள்ளட்டும். அம்மா அவரைத்தானே முடிச்சுப் போடச் சொன்னார், அவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும். இந்த அசைவை வீட்டில் தாலிக் கயிற்றுக்குப் பதில் ஏதாவது நூலை வைத்துப் பழகிப் பாருங்கள்.

அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் கடுமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களை மறைக்கப் பார்க்கிறார் என்பது உங்கள் முடிவு. இருக்கலாம், மண்டபத்தில் உறவினர் கேட்கப்போகும் கேள்விகளை அவர் உங்களுக்கு முன்பே கேட்டுக்கொண்டிருப்பவர். ஆனால் விபத்துக்குப் பின் உங்களைக் கட்டிலில் புரட்டி உடுத்திவிட்டவரும் அவர்தான். அன்று விடியற்காலையில் ஆறு கஜத்துக்குமேல் பட்டை உங்களுக்குச் சுற்றிவிட்டு, அதன்பின் மாப்பிள்ளையின் தாயாக மேடையில் நிற்க வேண்டுமே என்ற மலைப்பும் அந்தச் சல்வார் யோசனையில் இருக்கக்கூடும். எனவே “ஏன் கூடாது?” என்று வாதாடுவதைவிட, முன்மடிப்பைத் தைத்துக்கொண்டுவந்து, நீங்களே அணிந்து, அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் கண்முன் காட்டுங்கள். திருமணத்தன்று உடுத்திவிட வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டதாகவும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் மறுத்தால், அது வேறு உரையாடல். அப்போது தம்பியும் உடன் இருக்கட்டும்.

இறுதியாக, உங்கள் நாற்காலியும் மெத்தையும் விபத்துக்குப் பின் வாங்கியவை என்றால் மூன்று ஆண்டாகிறது; மெத்தை தளர்ந்திருக்கலாம். உடற்குறையுள்ளோருக்கான அமைப்பான எஸ்ஜி எனேபல் நிர்வகிக்கும் உதவிக் கருவி நிதி, வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடுவரை ஏற்கும். சிகிச்சையாளரின் மதிப்பீடு வேண்டும் என்பதால் உங்கள் மருத்துவமனையில் இப்போதே நேரம் கேளுங்கள், திருமணத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த வாரம் தம்பியை மண்டபத்துக்கு அளவுநாடாவோடு அனுப்புங்கள். மேடையின் உயரம், அதன் பக்கவாட்டில் காலியிடம், கார் நிற்கும் இடத்திலிருந்து கூடம்வரை உள்ள படிகள், சக்கர நாற்காலிக் கழிவறைக் கதவின் அகலம் ஆகியவை வேண்டும். அந்தக் கழிவறையைத் திறந்தும் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் வாளியும் துடைப்பமும் பழைய பூச்சாடிகளும் அதற்குள்தான் குடியிருக்கும். அளவுகளை எழுதி அனுப்பினால், சாய்தளமா தரைமட்ட மணவறையா என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
செயல்வழிச் சிகிச்சையாளர்